சரக்குக் கலத்தை விண்வெளி நிலையத்தில் சேர்ப்பது: கொங்கு நாட்டுப் பட்டறைகளுக்கும் கல்லூரிக் குழுக்களுக்கும் முழுமையான வழிகாட்டி

கோவைக் கல்லூரி ஒன்றின் ஸ்ரீ சக்தி சாட் என்ற சிறு செயற்கைக்கோள் 2021 பிப்ரவரி 28 அன்று பிஎஸ்எல்வி-சி51 ராக்கெட்டில் மேலே போனது. மனிதர் குடியிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் ஒரு சோதனைப் பெட்டியை அனுப்புவது அதிலிருந்து வேறான வேலை. பெட்டி முதலில் ஒரு பைக்குள் போகும், பை ஒரு சரக்குக் கலத்துக்குள் போகும், கலம் நிலையத்தின் கதவில் போல்ட் போட்டு இறுக்கப்படும். இந்தச் சங்கிலி முழுக்கத் தெரிந்தால்தான் உங்களிடம் கேட்கப்படும் ஒவ்வொரு காகிதமும் எதற்கு என்று புரியும். தெரியாவிட்டால் எல்லாமே வீண் தொல்லையாகத்தான் படும்.

எந்தக் கலம், எப்படிச் சேர்கிறது

நிலையத்தோடு சேர இரண்டு வழி உண்டு. கலம் தானே ஓட்டி வந்து வளையத்தில் பொருந்திக்கொள்வது டாக்கிங். 2020 டிசம்பரிலிருந்து ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் சரக்கு டிராகன் கலம் இப்படித்தான் போகிறது. இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள் ஜோடி 2025 ஜனவரி 16 அன்று செய்து காட்டியதும் டாக்கிங்தான். இன்னொரு வழி பெர்த்திங். கலம் நிலையத்துக்குக் கீழே ஏறத்தாழ 10 மீட்டர் தூரத்தில் வந்து நிற்கும். நிலையத்தின் 17 மீட்டர் நீள ரோபோ கையான கனடார்ம்2 அதைப் பிடித்துக் கதவருகே கொண்டுபோய் வைக்கும், பிறகு போல்ட்டுகள் இறுக்கும். பழைய டிராகனும் ஜப்பானின் சரக்குக் கலமான எச்டிவியும் இப்படிப் போயின. அமெரிக்கச் சரக்குக் கலமான சிக்னஸ் 2013-லிருந்து இப்படித்தான் போகிறது. 2025 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்த எச்டிவி-எக்ஸும் இதே வழிதான்.

பெர்த்திங்கின் லாபம் கதவின் அளவில் இருக்கிறது. டாக்கிங் வழியின் வட்டத் துவாரம் 80 சென்டிமீட்டர். பெர்த்திங் கதவு 127 சென்டிமீட்டர் சதுரம், கருவிகள் அடுக்கிய பெரிய ரேக்கே நுழையும். (சிக்னஸ் தன் கதவை இதைவிடச் சிறியதாக வைத்திருக்கிறது.) இதற்கு ஈடாகக் கலம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பிடிபடும் நேரத்தில் அது எதுவுமே செய்யக் கூடாது. திரஸ்டர்கள் என்ற சிறு உந்து எஞ்சின்களை அணைத்துவிட்டுச் சும்மா மிதக்க வேண்டும். அதனால் பிடிக்க வாகாக, இறுக்க வாகாக, கசியாமல், குலுங்காமல் இருக்க வேண்டிய அத்தனையும் தரையிலேயே முடிந்திருக்க வேண்டும். கீழே வரும் படிகளை இந்தக் கண்ணோடு படியுங்கள்.

படி 1: உங்கள் பெட்டியும் அது போகும் பையும்

நிலையத்துக்குப் போகும் சரக்கில் பெரும்பங்கு தீப்பிடிக்காத நோமெக்ஸ் துணியில் தைத்த பைகளில்தான் போகிறது. முழு அளவுப் பை 50.2 × 42.5 × 24.8 சென்டிமீட்டர், எடை வரம்பு 27.2 கிலோ. இதில் பாதி அளவு, இரட்டை, மும்மடங்கு அளவுகளும் உண்டு. டிசைன் தொடங்கும் நாளிலேயே பெட்டியின் வெளி அளவை இதற்குள் பொருத்திவிடுங்கள். சுற்றிலும் ஃபோம் போக வேண்டும், அந்த இடத்தையும் கழித்துக் கணக்கிடுங்கள். பை நிறையப் பெட்டி செய்துவிட்டு, ஃபோமுக்கு இடமில்லாமல் கடைசியில் மூடியை மாற்றி வெட்டுவதுதான் புதுக் குழுக்களிடம் அடிக்கடி பார்க்கும் கூத்து.

அடுத்தது பிசிறு. நம் சிஎன்சி பட்டறைகளில் ஓரத்தை அரை மில்லிமீட்டர் சரித்துச் சேம்பர் போட்டால் வேலை முடிந்தது. இங்கே அது போதாது. எடையில்லாத இடத்தில் ஆள் மிதந்து வந்து பெட்டியின் மூலையில் இடிப்பார், கையுறை கிழியும், தோல் கிழியும். மூலைகளை நன்றாக உருட்டுங்கள். ஸ்க்ரூவின் வெளியே நீட்டிய முனைக்குக் குல்லா போடுங்கள். முடித்ததும் மெல்லிய துணி ஒன்றை எல்லா ஓரங்களிலும் தேய்த்து இழுங்கள். ஓர் இழை மாட்டினாலும் அந்த இடத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். இதை ஃபிட்டர் செய்யாமல் இன்னொருவர் செய்வது நல்லது. தன் வேலையில் தனக்குப் பிசிறு தெரியாது.

துடைக்கும்போது கவனம். இந்தப் பக்கத்துப் பட்டறை எதிலும் கைக்கு எட்டும் தூரத்தில் திருப்பூர் பனியன் வேஸ்ட் கிடக்கும். எண்ணெய் துடைக்க அதைவிட நல்லது கிடையாது. ஆனால் விண்வெளிக்குப் போகும் பொருளில் அது படவே கூடாது, அதன் நுண்பஞ்சு எல்லா இடுக்கிலும் தங்கும். நூல் உதிராத வைப்பரும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மட்டுமே பயன்படுத்துங்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூசியை வாரிக்கொண்டு வரும்போது ஜன்னல் திறந்த அறையில் பெட்டியை மூடவே வேண்டாம். சிறிய சுத்த அறைக் கூடாரம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

பொருள் பட்டியல் தனி வேலை. ஒவ்வொரு பிளாஸ்டிக், பசை, டேப், வயர் உறையையும் எழுதித் தர வேண்டும். இரண்டு கேள்விக்கு அதில் பதில் இருக்க வேண்டும்: தீ பரவுமா, மூடிய அறையில் நச்சு வாயு கசியுமா. நிலையத்தின் காற்றே திரும்பத் திரும்பச் சுற்றுவதால் நமக்கு வாசனையாகத் தெரியும் பசைகூட அங்கே பிரச்சினை. கண்ணாடி இருந்தால், உடைந்தாலும் சில்லு வெளியே வராதபடி இரண்டாவது உறை வேண்டும். வெல்க்ரோவை இஷ்டத்துக்கு ஒட்டாதீர்கள், அது எரியும் என்பதால் பரப்பளவுக்குக் கட்டுப்பாடு உண்டு. பாதரசம் உள்ள எதுவும் வேண்டவே வேண்டாம்.

லித்தியம் பேட்டரி இருந்தால் கால அட்டவணையைப் பேட்டரியை வைத்தே போடுங்கள். அதிக சார்ஜ், ஷார்ட், அதிர்வு, வெற்றிடம் என்று எல்லாவற்றுக்கும் சோதனை அறிக்கை கேட்பார்கள். ஆள் உயிருக்கோ நிலையத்துக்கோ ஆபத்தாகக்கூடியது என்றால் எந்த இரண்டு கோளாறு ஒன்றாக வந்தாலும் தாங்க வேண்டும், அதாவது ஒன்றையொன்று நம்பாத மூன்று தடுப்புகள். ஒரே சிப்பில் மென்பொருளாக எழுதிய மூன்று தடுப்பும் ஒன்றாகத்தான் எண்ணப்படும். பாதுகாப்பு ஆய்வு 0, 1, 2, 3 என நான்கு கட்டமாக நடக்கும். வரைபடம் முடிவாகும் முன்பே முதல் கட்டத்துக்குப் போய்விடுங்கள். உலோகம் வெட்டிய பிறகு வரும் கேள்விக்குப் பதில் சொல்லச் செலவு அதிகம்.

பையில் வைத்த பெட்டிக்கு அதிர்வை ஃபோம் தாங்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். இருந்தாலும் மூன்று அச்சிலும் அதிர்வு மேசையில் ஏற்றி இறக்கிய பிறகு ஒருமுறை இயக்கிப் பாருங்கள். அடிபடுவது பெரும்பாலும் சர்க்யூட் போர்டு இல்லை, பிடிமானம் இல்லாத கனெக்டரும் லாக் போடாத ஸ்க்ரூவும்தான்.

படி 2: ஏற்றுவதும் எடைக் கணக்கும்

சிக்னஸின் சரக்கு அறை இத்தாலியின் தூரின் நகரத்தில் தாலெஸ் அலேனியா ஸ்பேஸ் செய்வது. எஞ்சின், சூரியத் தகடு, கணினி உள்ள சேவைப் பகுதி அமெரிக்காவில் தயாராகிறது. இரண்டையும் ஏவுதளத்தில்தான் இணைக்கிறார்கள். 2025 செப்டம்பரில் பறந்த பெரிய வடிவமான சிக்னஸ் எக்ஸ்எல் ஏறத்தாழ 5,000 கிலோ சரக்குக் கொண்டுபோனது. அதற்கு முன் பறந்திருக்க வேண்டிய என்ஜி-22 என்ற சிக்னஸ் கலத்தின் சரக்கு அறை ஏவுதளத்துக்கு வரும் வழியிலேயே சேதப்பட்டது, அந்தப் பயணம் நின்றுபோய் எக்ஸ்எல் போன என்ஜி-23 பயணம் முந்திக்கொண்டது. கோவையிலிருந்து அனுப்பும் பெட்டிக்கும் இதே பாடம்தான்: வெளிப் பெட்டியில் அதிர்ச்சிப் பதிவுக் கருவி வையுங்கள், சென்னை விமான நிலையச் சரக்குக் கிடங்கில் கீழே போட்டார்களா என்று பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

ஒவ்வொரு பையும் எடைபோட்டு, பார்கோடு ஒட்டி, எந்த இடத்தில் கட்டப்படுகிறது என்று பதிவாகும். நீங்கள் சொன்ன எடையும் அங்கே தராசு காட்டும் எடையும் ஒத்துப்போகாவிட்டால் பை நிற்கும். நாமக்கல் லாரிக்காரர் லோடு ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியை எடுக்க மாட்டார், இங்கே அதைவிடக் கண்டிப்பு. கலத்தின் எடை மையம் நடு அச்சிலிருந்து விலகினால், நேராகத் தள்ள வேண்டிய திரஸ்டர் கலத்தைத் திருப்பும், திருப்பத்தைச் சரிசெய்ய இன்னொரு திரஸ்டர் எரியும், எரிபொருள் வீணாகும். ரோபோ கைக்கும் அதே எடை மையக் கணக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கும்.

ஏற்றும் வரிசையை இறக்கும் வரிசையிலிருந்து பின்னோக்கிப் போடுகிறார்கள். குளிர்பெட்டி மாதிரிகள், விதை, உயிரணு போன்றவை கடைசியாக ஏறி முதலில் இறங்க வேண்டும், அவற்றுக்கு இடம் கதவருகே. உங்கள் மாதிரி கெட்டுப்போகும் வகை என்றால் விண்ணப்பத்திலேயே கடைசிநேர ஏற்றம் என்று கேட்டுவிடுங்கள். சிக்னஸ் 2024 ஜனவரியில் முதன்முதலாக ஃபால்கன் 9 ராக்கெட்டில் பறந்தபோது, இதற்காகவே ராக்கெட்டின் மூக்கு உறையில் பக்கவாட்டுக் கதவு ஒன்று வைத்தார்கள். இடம் குறைவு, நேரமும் குறைவு. பிறகு கேட்டுப் பயனில்லை.

படி 3: வளையமும் சீலும்

இந்தப் படியில் அவசரப்படக் கூடாது. பெர்த்திங் இணைப்பில் இரண்டு பாதி உண்டு. நிலையத்தின் பக்கம் இருப்பது வேலை செய்யும் பாதி: கலத்தைக் கொக்கி போட்டு இழுக்கும் நான்கு லாட்ச்சுகள், மோட்டாரில் சுழலும் 16 போல்ட்டுகள், கலம் போதிய அளவு நெருங்கிவிட்டதா என்று சொல்லும் நான்கு உணர்விகள். கலத்தின் பக்கம் இருப்பது சும்மா இருக்கும் பாதி: 16 நட்டுகள், லாட்ச் கொக்கி பிடிக்கும் நான்கு பிடிகள், வழிகாட்டும் சரிவுத் தகடுகள், ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்ட வரம்புகள் கொண்ட சிலிகோன் ரப்பர் சீல். எதிர்ப்பக்கத்தில் சீல் அமர்வது வழவழப்பான அலுமினியப் பரப்பு.

சும்மா இருக்கும் பாதியில் மோட்டாரும் இல்லை, சென்சாரும் இல்லை. அதனால் அது பழுதாகாது என்று நினைக்கத் தோன்றும். மேலே போன பிறகு அதைச் சரிசெய்ய ஆளும் இல்லை என்பதுதான் விஷயம். வேலை வரிசை இப்படி:

முதலில் அறை விளக்கைக் குறைத்து, டார்ச்சைப் பரப்போடு படுக்கவைத்தாற்போல் சாய்த்துப் பிடித்துச் சீலை ஒரு முழுச் சுற்றுப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத தலைமுடியும் நூலிழையும் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். ஒரு முடி, மூன்று வரம்புக்கும் குறுக்கே கிடந்தால் காற்றுக்கு அதுவே வழி. பம்ப் கம்பெனியில் ஓ-ரிங் மாட்டிப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் அங்கே கசிந்தால் தண்ணீர் சொட்டும், கழற்றி மாட்டலாம். இங்கே சீலுக்கு உள்ளே ஆள் மூச்சுவிடுகிறார்.

கீறல் இருந்தால் அதன் திசையைப் பாருங்கள். வட்டத்தோடு ஓடும் கீறலைவிட, உள்ளிருந்து வெளியே குறுக்கே ஓடும் கீறல் மோசம். விரலால் தடவிப் பார்க்காதீர்கள். கையுறை நைட்ரைலாக இருக்கட்டும், பவுடர் பூசிய கையுறை வேண்டாம்.

பிறகு வரம்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளியில் அழுத்தம் கொடுத்துக் கசிவுச் சோதனை. மூன்று வரம்பு வைத்ததன் வசதி இது, ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்கலாம்.

16 நட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கையால் ஓட்டிப் பார்க்க வேண்டும். போல்ட் சற்று விலகி வந்தாலும் பிடித்துக்கொள்ள நட்டு தன் கூட்டில் கொஞ்சம் ஆடும்படி இருக்கும், அந்த ஆட்டம் தடையில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெயோ கிரீஸோ தொடக் கூடாது. வெற்றிடத்தில் சாதாரண எண்ணெய் ஆவியாகும், போய்க் கேமரா லென்ஸில் படியும். உலர் பூச்சுதான் மசகு. மசகே இல்லாமல் விட்டாலும் ஆபத்து: காற்றில்லாத இடத்தில் ஒரே வகை உலோகம் உரசினால் மரை கடித்துக்கொள்ளும்.

கடைசியாக மூடி. சுத்தம் செய்த வளையத்துக்குப் பாதுகாப்பு மூடி போட்டு, பறக்கும் முன் கழற்று என்ற சிவப்புப் பட்டையைத் தொங்கவிடுவார்கள். போட்ட பட்டை எத்தனை, கழற்றிய பட்டை எத்தனை என்பதை இரண்டு பேர் தனித்தனியே எண்ணிக் கையெழுத்திட வேண்டும்.

வெப்பக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். 2 மீட்டர் விட்டமுள்ள அலுமினிய வளையம் ஒன்று இன்னொன்றைவிட 50 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருந்தால் விட்டத்தில் ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். நிழலில் வந்த கலத்தையும் வெப்பமான நிலையத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் இறுக்கினால் போல்ட் வளையும், சீல் இழுபடும். அதனால் போல்ட்டுகளை முதலில் லேசாகப் பிடிக்கவைத்து, இரண்டு பக்கமும் வெப்பம் சமமாகும்வரை காத்திருந்து, பிறகு முழு இறுக்கம் கொடுக்கிறார்கள்.

படி 4: கை பிடிக்கும் முனை

கலத்தின் வெளிப்புறத்தில் கிராப்பிள் ஃபிக்சர் என்ற பிடிமுனை இருக்கும். நடுவே முனை உருண்ட ஒரு தண்டு, சுற்றிலும் மூன்று வழிகாட்டிக் கரங்கள், கேமரா பார்த்துக் குறிவைக்க ஓர் இலக்குத் தகடு. கையின் நுனியில் மூன்று கம்பிச் சுருக்குகள் சுழன்று தண்டைச் சுற்றி இறுகும், பிறகு உள்ளே இழுத்து அசையாமல் பிடித்துக்கொள்ளும். தயாரிப்பில் பார்க்க வேண்டியது மூன்று: தண்டைச் சுற்றியுள்ள இடம் காலியாக இருக்கிறதா, வெப்பப் போர்வையின் தளர்ந்த ஓரம் எதுவும் சுருக்குக்குள் போகுமா, இலக்குத் தகட்டின் கருப்பு வெள்ளை தெளிவாகத் தெரிகிறதா. போர்வையைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். தரையில் படிந்து கிடப்பது மேலே உப்பும்.

படி 5: எரிபொருளும் வானொலிச் சோதனையும்

நச்சு எரிபொருளான ஹைட்ரசீனும் அதை எரியவைக்கும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் நிரப்புவது முழு உடல் காப்புடை அணிந்த தனிக் குழுவின் வேலை, மற்ற யாரும் அந்தக் கட்டிடத்தில் இருக்க மாட்டார்கள். அதற்கு முன்பே நிலையத்தோடு பேசும் வானொலியையும், நிலையத்தில் உள்ளவர்கள் அழுத்தும் நில், பின்வாங்கு, விலகிப் போ, மிதந்து நில் என்ற கட்டளைகளையும் முனையிலிருந்து முனைவரை சோதித்திருக்க வேண்டும். வடிவமைப்பு ஒத்துப்போகிறது என்று காகிதத்தில் பார்த்தது போதாது. 2013 செப்டம்பரில் முதல் சிக்னஸ் வந்தபோது, கலத்தின் ஜிபிஎஸ் தரவும் நிலையத்தின் ஜிபிஎஸ் தரவும் நேரத்தை வேறு வேறு முறையில் எண்ணியதால் அணுகலைக் கலமே கைவிட்டது. மென்பொருளைத் திருத்தி, இடையில் ரஷ்யாவின் சோயுஸ் கலம் ஒன்றுக்கு வழிவிட்டு, அது பிடிபட்டது செப்டம்பர் 29 அன்றுதான்.

படி 6: நெருங்குவது

கலம் பின்னாலிருந்து வந்து நிலையத்துக்கு நேர் கீழே சேர்ந்து மேல்நோக்கி ஏறுகிறது. கீழ்ச் சுற்றுப்பாதையில் எதுவும் நிலையத்தைவிட வேகமாகச் சுற்றும். திரஸ்டர் நின்றுபோனால் கலம் தானாகவே கீழே இறங்கி முன்னால் விலகிப் போய்விடும், நிலையத்தில் மோதாது. இந்தப் பாதையைத் தேர்ந்ததற்குக் காரணம் இதுதான். நிலையத்தைச் சுற்றி 200 மீட்டர் ஆரத்தில் ஒரு தடைக்கோளம் உண்டு. அதன் வாசலான 250 மீட்டரிலும், பிறகு 30 மீட்டரிலும் நிற்க வேண்டும். ஒவ்வோரிடத்திலும் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையம் சரி என்றால்தான் அடுத்த அடி.

இங்கே நடக்கும் கோளாறுகள் பெரும்பாலும் உணர்விகளில். தொலைவில் ஜிபிஎஸ், அருகில் லேசர். 2012 மே மாதம் முதல் டிராகன் வந்தபோது ஜப்பானிய கிபோ கூடத்தில் இருந்த பிரதிபலிப்பான் லேசரைக் குழப்பியது. லேசர் பார்க்கும் பரப்பைக் குறுக்கிய பிறகே அருகே வர முடிந்தது. 2017 பிப்ரவரியில் இன்னொரு டிராகன் ஜிபிஎஸ் மதிப்பு ஒன்று தவறியதால் தானே பின்வாங்கி மறுநாள் வந்தது. பின்வாங்கிய கலத்தைத் தோற்றது என்று எண்ணாதீர்கள், சந்தேகம் வந்தால் விலகு என்றுதான் அதற்கு எழுதியிருக்கிறது. ஆனால் அந்த எழுத்து அளவுக்கு மீறிப் பயந்தாலும் கஷ்டம்: 2025 செப்டம்பரில் சிக்னஸ் எக்ஸ்எலின் பெரிய எஞ்சின் தன் மென்பொருள் எச்சரிக்கையால் முன்கூட்டியே நின்றது, எஞ்சினில் கோளாறு இல்லை. கலம் ஒருநாள் தாமதமாகச் சேர்ந்தது.

சூரியத் தகடும் கவனிக்க வேண்டியது. 2022 நவம்பரில் என்ஜி-18 கலத்தின் இரண்டு தகடுகளில் ஒன்று விரியவில்லை. ஏறும்போது ராக்கெட்டின் ஒலித்தடுப்புப் போர்வையின் துண்டு ஒன்று போய்ச் சிக்கிக்கொண்டது. ஒற்றைத் தகட்டின் மின்சாரத்தோடேயே அது வந்து சேர்ந்தது. மின் கணக்கில் மிச்சம் வைத்திருந்தவர்களுக்குத்தான் அந்தப் புண்ணியம்.

படி 7: பிடி, போல்ட், கதவு

கலம் 10 மீட்டரில் நின்றதும் திரஸ்டர்களை அணைக்கும். நிலையமும் தன் திரஸ்டர்களை எரிக்காது. கை பிடித்திருக்கும்போது எந்தப் பக்கம் எரிந்தாலும் அதன் மூட்டுகள்தான் வாங்கும். நிலையத்தின் குப்போலா என்ற ஜன்னல் கூண்டின் அருகே இருப்பவர் கையை ஓட்டிப் பிடிக்கிறார். அதன் பிறகு பெரும்பாலும் ஹூஸ்டனிலிருந்தே கையை நகர்த்துவார்கள். கதவு ஜன்னலில் மாட்டிய கேமரா மையத்தைக் காட்டும். நான்கு உணர்விகளும் தயார் என்றதும் லாட்ச்சுகள் இழுக்கும். அப்போது கையைத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கையும் லாட்ச்சும் எதிரெதிரே இழுக்கும். பிறகு 16 போல்ட்டுகள்.

இரண்டு கதவுகளுக்கு நடுவிலுள்ள சிறு இடத்தில் காற்று நிரப்பி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே நிலையத்தின் கதவு திறக்கும். போல்ட் மோட்டார்களை ஓட்டிய நான்கு கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அந்த வழியில்தான் இருக்கும், அவற்றைக் கழற்றி மின்சாரம், தரவு, காற்றோட்டக் குழாய் இணைப்புகளைக் கொடுக்க வேண்டும். முதலில் உள்ளே போகிறவர் கண்ணாடியும் முகமூடியும் அணிந்து போவார், காற்று மாதிரி எடுப்பார். தரையில் எங்கோ கீழே படிந்திருந்த உலோகத் துகளும் நூலும் இப்போது முகத்துக்கு நேராக மிதக்கும். உங்கள் பெட்டியிலிருந்து உதிர்ந்ததும் அதில் இருக்கலாம்.

படி 8: திரும்பிப் போவது

வேலை முடிந்த சிக்னஸில் குப்பையை நிரப்புகிறார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டிகளைத் திரும்ப மாட்டி, இணைப்புகளைக் கழற்றி, இடைவெளிக் காற்றை வெளியேற்றி, போல்ட்டைத் தளர்த்திக் கை எடுத்து விடுவிக்கும். குப்பைக்கும் எடைக் கணக்கு உண்டு, ஏற்றும்போது பார்த்த அதே எடை மையக் கட்டுப்பாடுதான். சிக்னஸும் எச்டிவி வகைகளும் வளிமண்டலத்தில் எரிந்துபோகும். உங்கள் மாதிரி பொள்ளாச்சித் தேங்காய் நாராக இருந்தாலும் சரி, பவானிசாகர் மண்ணாக இருந்தாலும் சரி, கைக்குத் திரும்பி வர வேண்டும் என்றால் இறங்கும் பயணம் டிராகனில் என்று முதல் விண்ணப்பத்திலேயே எழுதி, அதற்கான இடத்தையும் குளிர்பதன வசதியையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.